குளோரினுக்குக் காய்ச்சல்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும் அது தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் குளோரின். பெயர் சூட்டியவர்கள் குளத்தில் குதிக்கிற பிள்ளைகள். மருந்து வாசனைக்காக வைத்த பெயர் இல்லை அது. கிட்டே போனாலே கண் எரியும், அதனால் வந்தது.

எரிய வைப்பதில் அவர் யாருக்கும் குறை வைத்ததில்லை. உடம்பெல்லாம் கிரீம் அப்பிக்கொண்டு இறங்குகிற பெண்களைப் பார்த்து, "இது குளமா, வாணலியாம்மா?" என்பார். முடியைக் கட்டாமல் நீந்திய ஒரு பெண்ணின் அப்பாவைக் கீழே பம்ப் அறைக்கு வரவழைத்தார். பம்புக்கு முன்னால் இலை, தழை, முடி எல்லாம் மாட்டிக்கொள்வதற்கு ஒரு கூடை உண்டு. அதைத் திறந்து, ஈரமான முடிக்கொத்து ஒன்றைச் செத்த எலியைத் தூக்குகிற மாதிரி நுனிவிரலால் தூக்கி, "உங்க வீட்டுச் சாமான். எடுத்துட்டுப் போங்க" என்று அந்த மனுஷனின் கையிலேயே வைத்தார். தண்ணீரில் யாராவது ஒன்றுக்குப் போனால் அவரைச் சுற்றி நீல நிறம் படரும், அப்படி ஒரு மருந்து கலந்திருக்கிறேன் என்று ஒருமுறை புரளி கிளப்பிவிட்டார். பிள்ளைகள் சிரித்துவிட்டுக் குதித்தார்கள். பெரிய உத்தியோகத்தில் இருந்த ஒரு கண்ணாடிக்காரர்தான் சத்தமில்லாமல் ஏறிப் போனார். அதன்பிறகு அவர் குளத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிற மனைவி, வேலையிலிருந்து வந்ததும் காதைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வர முடியாதா என்று ஏங்குவாள். சொந்தக்காரர்கள் வந்தால் நின்றபடியே பேசிவிட்டுப் போய்விடுவார்கள். உட்கார்ந்தால் வம்பு.

பம்ப் அறையில் மட்டும் அவர் சண்டை போட்டதில்லை. குளத்துக்கு அடியில், தலையைக் குனிந்து இறங்க வேண்டிய ஒரு சிமெண்டு அறை. ஆள் உயரத்தில் இரண்டு மணல் ஃபில்டர்கள், ஒரு பம்ப், அழுத்தம் காட்டும் முள், எப்போதும் ஈரமான தரை. கார் கழுவுகிற கொட்டகையிலிருந்து இளவயதில் இந்த வேலைக்கு வந்தவர், பம்பின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன குறை என்று சொல்லிவிடுவார். காலையில் உள்ளே இறங்கியதும் முதல் வேலையாக ஃபில்டரின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். அதிர்வு சரியாக இருந்தால் ஒரு தட்டுத் தட்டுவார். வீட்டில் யாருக்கும் அப்படியொரு தட்டு கிடைத்ததில்லை.

அவருக்குத்தான் ஈரலில் கட்டி வந்தது.

வலது விலாவுக்குக் கீழே ஏதோ கனக்கிறது என்று போனவரை ஸ்கேனுக்குள் தள்ளி எடுத்தார்கள். அறுவை சிகிச்சை செய்கிற டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"கட்டி வலது பக்கத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு. ஈரல்ல பாதிக்கு மேல எடுத்தாகணும்."

"பாதிக்கு மேல எடுத்துட்டா மிச்சத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ஷோகேஸ்ல வைக்கவா?"

"அது திரும்ப வளரும். பழைய வடிவம் வராது, ஆனா அளவு வந்துடும். கொஞ்ச மாசம் ஆகும். அது வரைக்கும்தான் உங்களுக்குக் கண்டம். குடல்லேர்ந்து கிளம்பற ரத்தம் நேரா ஈரலுக்குத்தான் வரும். ஈரல் அதை வடிகட்டி..."

வடிகட்டி என்ற சொல்லோடு அவர் காது மூடிக்கொண்டது. வடிகட்டுவதைப் பற்றி அவருக்கே பாடம் நடத்துகிறார்கள்! டாக்டரம்மா பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். மனைவி கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். அவர் நடுவில் புகுந்தார்.

"இருங்கம்மா. அழுக்கான பக்கத்தை வெட்டி எறியறீங்க. நல்ல பக்கம் மிச்சம் இருக்கு. அப்ப முன்ன விட நல்லாத்தானே வடிகட்டும்? நான் ஃபில்டர் கழுவாத ஆளா?"

"கழுவறது இல்ல இது. உள்ள வடிகட்டற ஆளைக் குறைக்கிறது."

"எனக்குத் தெரியாதா?" என்று எழுந்துவிட்டார். டாக்டரம்மா அவரை விட்டுவிட்டு மனைவியிடம் திரும்பி, "லேசாக் காய்ஞ்சாலும், குளிர் எடுத்தாலும், உடனே கூட்டிட்டு வரணும். விடியட்டும்னு பாக்கக் கூடாது" என்றார்.

அறுவை முடிந்தது. கட்டி போனது. கோணலாகத் தைத்த பை மாதிரி வயிற்றில் ஒரு தையலோடு அவர் வீடு வந்தபோது, வீட்டில் ஓர் ஆள் கூடியிருந்தான். மனைவியின் தம்பி. எந்த வேலையிலும் நிலைக்காதவன், போகிற இடமெல்லாம் மேலாளரைக் கிண்டல் பண்ணி வெளியே வருகிறவன். குளோரினுக்கு அவனைப் பார்த்தாலே தையல் இழுக்கும். அவர் படுத்திருக்கும் காலத்துக்கு அவனைத்தான் பம்ப் அறையில் விட்டிருந்தாள் அக்கா.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் பழக்கூடையோடு பார்க்க வந்தார். நலம் விசாரித்தார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே விஷயத்தைப் போட்டார்.

"அடுத்த செக்கப்புல டாக்டர் சரின்னு சொல்லட்டும், அப்புறம் வாங்க. உடம்புக்கு ஏதாவது இழுத்தா அவசரமே இல்ல, இந்தத் தம்பியையே வச்சுக்கறோம். பேச்சு மரியாதையா இருக்கு. பிள்ளைங்களுக்கும் பிடிச்சிருக்கு."

பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறதாம். குளத்துக்காரனை எந்த ஊரில் பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது? அவருக்கு நெஞ்சு காந்தியது. அந்தச் சிமெண்டு அறை போனால் உட்கார வேறு இடம் அவருக்கு இந்த உலகத்தில் இல்லை. செக்கப் வரைக்கும் ஒரு தும்மல்கூட வரக்கூடாது என்று முடிவு கட்டினார்.

முடிவு கட்டியதும் போர் ஆரம்பித்தது. எதிரி கிருமி. கிருமி வருகிற வாசல் மச்சினன். கூடத்தில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு அந்தப் பக்கம் மச்சினன். வெளியே போய்விட்டு வந்தால் வாசலிலேயே சட்டையைக் கழற்ற வேண்டும். அவன் தொட்ட கதவுப்பிடியைக் குளோரின் தண்ணீர் நனைத்த துணியால் துடைத்தார். அவன் குடித்த டம்ளரைத் தனியாக எடுத்துப் போட்டார்.

"டேய், இருமினா வெளிய போய் இருமு."

"எனக்கு இருமலே வரலையே, மாமா."

"வரப்போகுது. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

"அப்ப மூஞ்சியையும் வெளிய வச்சுட்டு வரவா?"

"வச்சுட்டு வாடா. வீட்டுக்கு நல்லது."

மச்சினன் சளைத்தவன் இல்லை. ஒருநாள் அவர் தூங்கும்போது சாக்பீஸ் கோட்டை அழித்து, அவர் கட்டிலைச் சுற்றி வட்டமாகப் போட்டுவிட்டான். பக்கத்தில் ஒரு பலகை: 'குளத்தில் இறங்காதீர்கள். பராமரிப்புப் பணி நடைபெறுகிறது.' மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். குளோரின் எழுந்து பார்த்துவிட்டுப் பேசிய பேச்சில் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது.

இத்தனை காவலையும் மீறி அது வந்தது. மத்தியானம், வெயில் ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த நேரம், அவருக்குக் குளிர்ந்தது. பல் தந்தியடித்தது. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் எலும்புக்குள் யாரோ ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது. பிறகு கொதித்தது. வீட்டில் யாரும் இல்லை. செக்கப் நெருங்கிவிட்டிருந்தது.

அலமாரியிலிருந்து காய்ச்சல் மாத்திரை இரண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். வியர்த்தது. நின்றது. ஜெயித்துவிட்டதாக நினைத்தார். ராத்திரி மறுபடி வந்தது. மறுபடி இரண்டு. மறுநாளும் அதே கூத்து.

சிக்கல் தெர்மாமீட்டரில் இருந்தது. மனைவி வேலைக்குப் போகும் முன்பும் வந்த பிறகும் அவளே வாயில் வைத்துப் பார்ப்பாள். அந்த நேரத்துக்குள் மாத்திரை வேலை செய்திருக்கும்படி பார்த்துக்கொண்டார். அவள் ஓவர்டைம் போகிற நாளில் அந்தப் பொறுப்பு மச்சினனுக்கு. அன்றைக்கு அவன் முறை. குளோரினுக்கு உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மாத்திரை இன்னும் வேலையைத் தொடங்கவில்லை. படிக்கட்டில் மச்சினனின் காலடி கேட்டதும் தள்ளாடிக்கொண்டு சமையலறைக்குப் போய், இரண்டு ஐஸ் துண்டுகளை எடுத்துக்கொண்டு, ஒன்றை நாக்குக்கு அடியில் அடக்கியபடி வந்து படுத்தார். அது கரைந்ததும் இன்னொன்று. யாரையும் ஏமாற்றிவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு எவ்வளவு ஏமாற்றினால் போதும் என்று தெரிவதில்லை.

மச்சினன் தெர்மாமீட்டரை வைத்தான், எடுத்தான், பார்த்தான். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் இன்னொருமுறை பார்த்தான்.

"தொண்ணூத்தி மூணு."

"பாத்தியா? காய்ச்சல் இல்ல. போடா."

"மாமா, செத்தவனுக்கே இதை விடச் சூடு ஜாஸ்தி இருக்கும்."

"மெஷின் கெட்டுப்போச்சு."

அவன் அதைத் தன் வாயில் வைத்துப் பார்த்தான். தொண்ணூற்றெட்டு. பிறகு தன் சொந்தச் சாக்பீஸ் கோட்டைத் தாண்டி வந்து, வாழ்நாளில் முதல்முறையாக மாமாவின் நெற்றியில் கையை வைத்தான். சட்டென்று எடுத்தான்.

"யோவ்! அடுப்பு மாதிரி கொதிக்குது! வாயைத் திற."

"என்னடா மரியாதை..."

"வாயைத் திறங்கறேன்!"

திறந்தார். பாதி கரைந்த ஐஸ் துண்டு தலையணையில் விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். மச்சினனுக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம் அது. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"எத்தனை நாளா?"

"உனக்கென்னடா? நான் செத்தா உனக்கு வேலை நிரந்தரம். சந்தோஷமா இரு."

மச்சினன் அவர் தோளுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கினான். அவர் திட்டினார், அவன் படியிறக்கினான். அவர் அவன் பரம்பரையைத் திட்டினார், அவன் ஆட்டோவில் ஏற்றினான். அக்காவுக்குப் போன் போட்டு, "நேரா ஆஸ்பத்திரிக்கு வா. உன் புருஷன் ஃபிரிட்ஜா மாறிட்டாரு" என்றான்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், இரண்டு கைகளிலும் குழாய் மாட்டினார்கள். ரத்த அழுத்தம் கீழே போய், ஒரு நாள் முழுக்க அவரைக் கண்ணாடி அறைக்குள் வைத்துக்கொண்டார்கள். மனைவி கண்ணாடிக்கு வெளியே நின்றாள். தையலுக்குப் பக்கத்தில் சீழ் எதுவும் தேங்கவில்லை. ஆனால் ரத்தத்தில் கிருமி இருந்தது.

வார்டுக்கு மாற்றிய பிறகு டாக்டரம்மா வந்தார். அவர் முகத்திலும் சமாதானம் இல்லை.

"நாலு மணிக்கொரு தடவை ரெண்டு மாத்திரையா? முழு ஈரல் இருக்கிறவனே அப்படிப் போடக் கூடாது. காய்ச்சல்ங்கறது மணி அடிக்கிற மாதிரி. நீங்க மணியைக் கழட்டி வச்சுட்டுத் தூங்கியிருக்கீங்க. இன்னும் ஒரு நாள் போயிருந்தா என்கிட்ட வந்திருக்க மாட்டீங்க."

குளோரின் மச்சினனை நோக்கி விரலை நீட்டினார். "இவன்தாம்மா கொண்டாந்தான். நான் எவ்வளவு தடுத்தும். வெளியில சுத்திட்டு, கையைக் கழுவாம..."

"அவர் கொண்டு வரல."

"அப்ப இவ. இஸ்திரிக் கடையில ஊரு துணியெல்லாம்..."

"அவங்களும் இல்ல. உங்க வயித்துல இருந்த கிருமி அது. உங்க சொந்தக் குடல்ல."

குளோரினின் நீட்டிய விரல் கீழே இறங்கியது.

"ஆபரேஷனுக்கு முன்னாடியே சொன்னேன், நீங்க எங்க கேட்டீங்க? குடல்ல கிருமி எப்பவும் இருக்கு, எல்லாருக்கும். அதுல கொஞ்சம் ரத்தத்தோட கலந்து ஈரலுக்கு வந்துட்டேதான் இருக்கும். ஈரல்ல சின்னச் சின்ன ரத்தக் குழாய் சுவத்துல ஒரு வகை செல் ஒட்டிக்கிட்டு உட்காந்திருக்கு. குஃபர் செல்னு பேரு. போற வர்ற கிருமியைப் புடிச்சு முழுங்கறதுதான் அதுக்கு வேலை. நீங்க பொறந்ததுலேர்ந்து, உங்களுக்கே தெரியாம, தினமும் முழுங்கிட்டு இருந்துச்சு. நான் கட்டியோட சேத்து அந்த ஆளுங்கள்லயும் பாதிக்கு மேல எடுத்துட்டேன். வேற வழியில்ல. மிச்சம் இருக்கிறவங்க தலையில ரெண்டு மடங்கு வேலை. ஈரல் வளரும்போது முதல்ல சதைதான் வளருது, இந்தக் காவலாளுங்க நிதானமாத்தான் நிரம்பறாங்க. அந்த இடைவெளியில புகுந்ததுதான் இது. யாரும் கொண்டு வரல. யார் மேலயும் தப்பு இல்ல. மறைச்சது மட்டும்தான் தப்பு."

டாக்டரம்மா போய்விட்டார். குளோரின் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒருமுறை இரண்டு ஃபில்டர்களிலும் பழைய மணலை அள்ளிக் கொட்டிவிட்டுப் புது மணல் நிரப்பியது ஞாபகம் வந்தது. பளபளவென்று கழுவிய மணல். ஆனால் தண்ணீர் கலங்கியே கிடந்தது. புது மணல் பதப்படுகிற வரைக்கும் நைசான அழுக்கைப் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், மணல் விற்றவனைக் கடை வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டு வந்தார். அப்போது திட்ட ஓர் ஆள் இருந்தான். இப்போது யாரைத் திட்டுவது? கிருமி அவருடையது, குடல் அவருடையது. அவருக்குத் தெரியாமல் அவருக்காக உழைத்தவர்களை ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை அவர். உடம்பு முழுக்கத் தேடியும் திட்டுவதற்கு வாகான ஆள் அகப்படாதது அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

மனைவி மருந்து வாங்கப் போனாள். மச்சினன் ஜன்னலோரமாக நின்றான்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். நாளையிலேர்ந்து நான் பம்ப் ரூமுக்குப் போகல."

"என்னடா?"

"செயலாளர்கிட்ட சொல்லப் போறேன். உங்க வேலை எனக்கு வேணாம். கண்ணு எரியுது, காது அடைக்குது, குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு. அக்கா அழுதான்னு போனேன். அந்த வேலைய நான் புடுங்கிடுவேன்னு நீங்க ஐஸை முழுங்கிட்டுச் சாகப் பாத்தீங்க. எனக்கெதுக்கு இந்தப் பாவம்?"

இதைக் கேட்டுக் குளோரின் குளிர்ந்து போயிருக்க வேண்டும். இல்லை. மனசு கணக்குப் போட்டது. இவன் போனால் செயலாளர் சும்மா இருப்பாரா? வெளியிலிருந்து சீருடை போட்ட கம்பெனி ஆளைக் கொண்டுவந்து இறக்குவார். அவன் ஒருமுறை உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான். ஃபில்டர் எங்கே இரைகிறது, எங்கே விம்முகிறது என்று அவனுக்கு என்ன தெரியும்? மச்சினன் நின்றால்தான் அந்த அறை நிற்கும். அதை எப்படிச் சொல்வது? கேட்டுப் பழக்கமில்லாத வாய்.

"பயந்தாங்கொள்ளி" என்றார்.

"ஆமா."

"ஒரு வால்வு திருப்பத் தெரியாது. முடியலன்னு ஓடறான்."

"நல்லாவே தெரியும். நேத்து மணலைக் கழுவிட்டேன். முள்ளு பச்சைக்கு வந்துடுச்சு."

"பம்பை நிறுத்திட்டுத் திருப்பினியா, ஓடறப்பவே திருப்பினியா?"

"நிறுத்திட்டு."

"கழுவின தண்ணி தெளியற வரைக்கும் நின்னியா?"

"நின்னேன்."

குளோரின் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்துப் பேசினார்.

"நான் எழுந்து வர்ற வரைக்கும் நில்லு."

"என்னது?"

"காது கேக்கலையாடா? நில்லுன்னேன். வேற எவனையும் உள்ள விடாத."

மச்சினன் ஜன்னலை விட்டுக் கட்டில் பக்கம் வந்தான். "எவ்வளவு நாள் ஆகும்?"

"எனக்கென்னடா தெரியும்? உள்ள ஆளு வரணுமாம்."

"சரி. வந்ததும் சொல்லுங்க. ஒரு நிமிஷம் கூட அதிகமா நிக்க மாட்டேன்."

"நிக்கச் சொல்லி எவன் உன் கால்ல விழுந்தான்? போ, குளத்தைப் பாரு. சாயங்காலம் பிள்ளைங்க இறங்கற நேரம்."

மச்சினன் போனான். கதவு மூடியதும், காத்திருந்த மாதிரி, குளிர் வந்தது. முதலில் விரல் நுனியில், பிறகு தாடையில். குளோரினுக்கு அந்த நடுக்கம் அத்துப்படி. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் சுருண்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் இன்னும் பல நாள் இங்கேதான். செயலாளர் இன்னும் கொஞ்சம் மரியாதையான பேச்சைக் கேட்டுப் பழகிவிடுவார். பிள்ளைகள் அவரை மறந்தே போவார்கள்.

பல் மோதிக்கொண்டது. தலைமாட்டில் தொங்கிய பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தினார். யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினார்.

"சிஸ்டர்!" என்று கத்தினார். "எத்தனை தடவை அடிக்கிறது? எனக்குக் குளிருதும்மா, வந்து பாருங்க!"